கல்லும் நினைவும்

கட்டடம் எதற்காக எழுப்பப்படுகிறது என்று கேட்டால், எளிதில் மூன்று விடைகள் கூறலாம். வெயிலும் மழையும் தாக்காமல் மனிதன் ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். தொழிலும் கல்வியும் வழிபாடும் நடைபெறுவதற்கு வசதி வேண்டும். காண்பவர் கண்ணுக்கு அழகு வேண்டும். இம்மூன்றிலும் அடங்காத நான்காவது பயன் ஒன்றும் உண்டு. இழந்தவரையும் இழந்தவற்றையும் மறவாதிருப்பதற்காகவும் மனிதன் கட்டுகிறான். எவரும் குடியிருக்காத, எத்தொழிலும் நடைபெறாத கட்டடங்கள் பல நாடுகளில் பெரும் பொருட்செலவில் எழுந்துள்ளன. சில இடங்களில் இடிந்த சுவர்களை இடிந்தபடியே பாதுகாக்கின்றனர். சில இடங்களில் அழிந்த தெருக்களைப் பழைய வடிவிலேயே மீண்டும் அமைத்திருக்கின்றனர். இதனால் மாண்டவர் மீள்வரோ? மீளார். அவ்வாறாயின் இவ்வுழைப்பு யாருக்காக? இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டுச் சிறப்புச் செய்த மரபு நம்முடையது. அச்சடங்கின் படிகளைத் தொல்காப்பியம் முறையாக வகுத்துரைக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காணவேண்டும், அதனைக் கொணரவேண்டும், நீராட்டவேண்டும், உரிய இடத்தில் நடவேண்டும், பின்னர்ப் படையலிட்டு வாழ்த்தவேண்டும். சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கண்ணகிக்குக் கோயில் அமைத்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் இம்முறைப்படியே சொல்கிறது. 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் உயிர்நீத்த ஒருவனைக் குறிக்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிற்றூர் வீரன், ஒரு கல்லும் ஒரு வரி எழுத்தும் இருந்தமையால் இன்று நமக்கு அறிமுகமாகின்றான்.

இம்மரபில் நாம் கருதிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. கல்லை நட்டதோடு கடமை முடிந்துவிட்டதாக நம் முன்னோர் எண்ணவில்லை. படையலும் வாழ்த்தும் அதன் பின்னரே தொடங்கின. அவற்றைச் செய்யவேண்டியவர் உயிரோடிருப்பவர். கல் ஓர் அடையாளமே. நினைவைச் சுமந்தவர்கள் ஊரார்.

நடுகல் ஒருவனுக்காக நடப்பட்டது. ஷாஜகான் 1632-ஆம் ஆண்டில் தொடங்கிய தாஜ்மகாலும் ஒருத்திக்காகவே எழுந்தது. ஆனால், இருபதாம் நூற்றாண்டு மனிதன் முன் ஒரு புதிய கேள்வியை நிறுத்தியது. ஒரே நாளில், ஒரே நொடியில், ஆயிரக்கணக்கானோர் மாண்டால் அவர்களுக்கு எவ்வாறு கல் நடுவது? அவர்களுட் பலர் வீரர் அல்லர். குழந்தைகள், முதியோர், கடைக்குப் போன பெண்கள். அங்கே பாடுவதற்கு வெற்றியும் இல்லை. இக்கேள்விக்கு மூன்று நகரங்கள் மூன்று வகையாக விடை கண்டன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது ஜப்பான் நாட்டு ஹிரோஷிமா. அந்நகரில், ஆற்றங்கரை ஒன்றில், 1915-ஆம் ஆண்டில் ஒரு பொருட்காட்சி மண்டபம் கட்டப்பட்டது. யான் லெட்சல் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். உச்சியில் செம்புத் தகடு வேய்ந்த குவிமாடம் ஒன்று இருந்தது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு அணுகுண்டு, தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. மண்டபம் அவ்விடத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தொலைவிலேதான் இருந்தது. உள்ளே இருந்தவர் அனைவரும் அக்கணமே மாண்டனர். எனினும் வெடிப்பின் வேகம் ஏறக்குறைய நேர் மேலிருந்து கீழ்நோக்கித் தாக்கியதனால், பக்கவாட்டில் தள்ளுண்டு விழாமல் சுவர்களின் ஒரு பகுதி நிமிர்ந்து நின்றது. குவிமாடத்தின் இரும்புச் சட்டங்களும் எஞ்சின. சுற்றிலும் யாவும் சாம்பலாகிக் கிடக்க, அந்த எலும்புக்கூடு மட்டும் நின்றது. அவ்வாண்டின் இறுதிக்குள் நகரில் மாண்டவர் ஏறத்தாழ 1,40,000 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

போர் முடிந்தபின் நகரை மீண்டும் அமைக்கும் பணி தொடங்கியது. 1949-ஆம் ஆண்டில் நடந்த போட்டியில், இளமையில் ஹிரோஷிமாவில் கல்வி பயின்ற கென்சோ டாங்கே என்ற கலைஞரின் திட்டம் முதலிடம் பெற்றது. வீடுகளும் கடைகளும் நெருங்கியிருந்து அழிந்துபோன ஒரு பகுதியை அவர் பூங்காவாக அமைத்தார். அதன் ஒரு முனையில் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தப்பட்ட அருங்காட்சியகம். நடுவே பழங்கால வீட்டின் கூரையைப் போல வளைந்த ஒரு நினைவு வளைவு. 1952-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வளைவின் கீழே ஒரு கற்பேழை இருக்கிறது. இறந்தோரின் பெயர்ப் பட்டியல் அதனுள் வைக்கப்பட்டுள்ளது. குண்டின் தாக்கத்துக்கு ஆளாகி உயிர் தப்பியவர் பின்னாளில் இறக்கும்போது, அவர்தம் பெயர்கள் ஆண்டுதோறும் சேர்க்கப்படுகின்றன. வளைவின் முன் நின்று வணங்குபவர் தலைநிமிர்ந்து நோக்கினால், அதன் ஊடே, ஆற்றுக்கு அப்பால், இடிந்த குவிமாடம் தெரியும். அருங்காட்சியகம், வளைவு, குவிமாடம் ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தியதே டாங்கேயின் திட்டத்துக்கு உயிர் எனலாம்.

ஆனால், அந்த இடிந்த மண்டபத்தை வைத்திருப்பதா, அகற்றுவதா என்பதில் ஊரார் ஒருமனப்படவில்லை. அதைக் காணும்போதெல்லாம் அன்றைய நாள் கண்முன் வருகிறது. எங்களால் தாங்க இயலவில்லை. அதை எடுத்துவிடுங்கள் என்றனர் ஒரு சாரார். இவர்களைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? பெற்ற பிள்ளையை இழந்த தாய், அப்பிள்ளை மாண்ட இடத்தை நாள்தோறும் காணவேண்டும் என்று கட்டளையிட எவருக்கும் உரிமை இல்லை. அதை எடுத்துவிட்டால், பின்வருவோர் இப்படி ஒன்று நிகழ்ந்ததென்றே நம்பமாட்டார் என்றனர் மற்றொரு சாரார். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆதலால் முடிவு காணாமலே ஆண்டுகள் பல கழிந்தன.

1960-ஆம் ஆண்டில் அந்நகரத்து மாணவி ஒருத்தி, 16 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். குண்டு விழுந்த நாளில் அவள் ஒரு வயதுக் குழந்தை. அவள் எழுதி வைத்த நாட்குறிப்பில், அணுகுண்டின் கொடுமையை உலகுக்கு என்றென்றும் எடுத்துரைக்க வல்லது அந்தச் சிதைந்த மண்டபமே என்ற கருத்து இருந்தது. அதைப் படித்த பிள்ளைகள் தெருவில் நின்று கையெழுத்தும் நன்கொடையும் திரட்டத் தொடங்கினர். சிறுவர் தொடங்கிய இயக்கம் பெரியோரையும் அசைத்தது. 1966-ஆம் ஆண்டில் நகரசபை அம்மண்டபத்தைப் பாதுகாப்பதெனத் தீர்மானித்தது. 1996-ஆம் ஆண்டில் அது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

கட்டடக் கலை பயிலும் இளைஞர்களுக்குப் பாடம் சொல்லும் நான், இவ்விடத்தில் ஒரு கேள்வியை அடிக்கடி எதிர்கொள்வதுண்டு. "இடிந்ததை இடிந்தபடி வைப்பதற்கு என்ன வேலை இருக்கிறது? தொடாமல் விட்டால் போதாதா?" என்று மாணவர் கேட்பர். போதாது என்பதே விடை. கூரையில்லாத சுவரில் மழைநீர் இறங்கும், காரை கரையும், செங்கல் பிளக்கும், இரும்பு துருப்பிடித்துப் பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கட்டுமானத்தையே உடைக்கும், விதை விழுந்து வேர்விட்டு வெடிப்பை அகலமாக்கும். முழுக்கட்டடத்தைவிட இடிந்த கட்டடம் விரைவில் அழியும். ஹிரோஷிமா மண்டபத்தின் வெடிப்புகளில் 1967-ஆம் ஆண்டில் பிசின் செலுத்தி அடைத்தனர். உள்ளே எஃகுச் சட்டங்களால் முட்டுக் கொடுத்தனர். அதன் பின்னும் பன்முறை பழுதுபார்த்துள்ளனர். காண்பவர் கண்ணுக்கு 1945-இல் இருந்தபடியே அது தோன்றவேண்டும். அதே வேளையில் விழாமலும் இருக்கவேண்டும். புதிதாக ஒரு மாளிகை கட்டுவதினும் கடினமான பணி இது.

இரண்டாவது நகரம் போலந்து நாட்டுத் தலைநகரான வார்சா. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நகர மக்கள் தங்களை அடக்கியாண்ட ஜெர்மானியப் படைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து 63 நாட்கள் போராடித் தோற்றனர். அதன் பின் அந்நகரைத் திட்டமிட்டு அழித்தனர். வீடு வீடாகத் தீயிட்டனர்; சிறந்த கட்டடங்களுக்கு வெடி வைத்தனர். போர் முடிந்தபோது நகரின் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்திருந்தது. ஓர் இனத்தின் நினைவையே அழிக்கக் கருதியவர், அவ்வினத்தின் கட்டடங்களை முதலில் அழித்தனர். கட்டடத்துக்கும் நினைவுக்கும் உள்ள உறவை, காக்க விரும்பியவரைப் போலவே அழிக்க விரும்பியவரும் நன்கு அறிந்திருந்தனர்.

போலந்து மக்கள் ஹிரோஷிமாவைப் போல இடிபாட்டை நிறுத்திவைக்கவில்லை. பழைய நகரப் பகுதியை, அதன் சந்தைச் சதுக்கத்தையும் குறுகிய தெருக்களையும் மாதா கோயில்களையும், முன்பிருந்த வடிவிலேயே மீண்டும் கட்டினர். அழிந்துபோனதன் வடிவை எவ்வாறு அறிந்தனர்? பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் அந்நகரத் தெருக்களை நுட்பமாகத் தீட்டி வைத்திருந்த ஓவியங்கள் ஒருபுறம் உதவின. அதனினும் பேருதவி செய்தவை வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடக் கலைத் துறையில் ஆசிரியரும் மாணவரும் அளந்து வரைந்திருந்த படங்கள். போருக்கு முன்னர், பயிற்சிப் பாடமாக, பழைய வீடுகளின் சாளரங்களையும் வாயில்களையும் படிக்கட்டுகளையும் அவர்கள் அளவெடுத்து வரைந்திருந்தனர். போர்க்காலத்தில் அப்படங்கள் நகருக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டு ஒரு துறவியர் மடத்தில் ஒளித்து வைக்கப்பட்டன. ஒரு காலத்தில் மதிப்பெண்ணுக்காக வரைந்த தாள்கள், பிற்காலத்தில் ஒரு நகரம் மீண்டும் எழுவதற்கு மூலப் படங்களாயின. 1980-ஆம் ஆண்டில் அப்பழைய நகரமும் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது.

இவ்வாறு மீண்டும் கட்டுவதைப் போலி என்று இகழ்வாரும் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். போருக்கு முன் வார்சா மக்களுள் பத்தில் மூன்று பங்கினர் யூதர். அவர்களை ஒரு பகுதியில் அடைத்து, பின் கொலைக்களங்களுக்கு அனுப்பினர். 1943-ஆம் ஆண்டில் அங்கு எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கி, அப்பகுதியையே தரைமட்டமாக்கினர். அத்தெருக்கள் பழைய வடிவில் மீண்டும் கட்டப்படவில்லை; கட்டியிருந்தாலும் அவற்றில் வாழ்ந்தவர் திரும்பி வந்திருக்கமாட்டார். இடிபாடுகளின் நடுவே 1948-ஆம் ஆண்டில் ஒரு நினைவுச் சின்னம் மட்டும் நிறுவப்பட்டது. சுவரை மீண்டும் எழுப்ப இயலும். சுவருக்குள் ஒலித்த குரலை எழுப்ப இயலாது. ஆதலின் மீண்டும் கட்டும்போது எதைக் கட்டினோம், எதை விட்டோம் என்று நாம் எப்போதும் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டன். வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் எழுப்ப 1981-ஆம் ஆண்டில் ஒரு போட்டி நடத்தினர். 1,421 திட்டங்கள் வந்தன. வரைந்தவர் பெயர் தெரியாதபடி ஒவ்வொன்றுக்கும் எண் மட்டுமே இட்டு, நடுவர் ஆராய்ந்தனர். 1026 என்னும் எண்ணுடைய திட்டம் முதலிடம் பெற்றது. அதை வரைந்தவர் மாயா லின் என்ற 21 வயது மாணவி. கல்லூரியில் இறந்தோர் நினைவுக் கட்டடங்களைப் பற்றிய வகுப்புக்காக அவர் வரைந்த திட்டம் அது.

அத்திட்டத்தில் தூண் இல்லை, சிலை இல்லை, குதிரை வீரன் இல்லை. நிலத்தைக் கீறியதுபோல இரண்டு கருங்கற் சுவர்கள் ஒரு கோணத்தில் சந்திக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளம். ஒரு சுவர் வாஷிங்டனின் நினைவுத் தூணையும், மற்றது லிங்கனின் நினைவு மண்டபத்தையும் சுட்டுகின்றன. பார்வையாளர் மெல்ல மெல்லத் தாழும் பாதையில் இறங்க, சுவர் கணுக்கால் அளவிலிருந்து உயர்ந்து தலைக்குமேல் எழுகிறது. அதில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை அகரவரிசையில் இல்லை. மாண்ட நாளின் வரிசையில் உள்ளன. ஆகையால் ஒரே நாளில் ஒரே களத்தில் வீழ்ந்த தோழர்கள் சுவரிலும் அருகருகே இருக்கின்றனர். கல்லோ கண்ணாடிபோல் மெருகிடப்பட்டது. பெயரைத் தேடி நிற்பவரின் முகம் அப்பெயரின்மேல் நிழலாடுகிறது. அக்கல் நம் நாட்டுப் பெங்களூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது என்பது நீங்கள் அறியத்தக்க செய்தி.

இத்திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. வெண்பளிங்குச் சின்னங்கள் நிறைந்த நகரில் கருங்கல் ஏன், மண்ணுக்குள் புதைப்பது அவமதிப்பன்றோ என்று சிலர் சினந்தனர். அவ்வெதிர்ப்பைத் தணிப்பதற்காக, மூன்று போர்வீரர்களின் சிலை ஒன்று 1984-ஆம் ஆண்டில் சற்றுத் தள்ளி நிறுவப்பட்டது. ஆனால், சுவர் திறக்கப்பட்ட 1982-ஆம் ஆண்டு முதல் மக்கள் அதன்முன் வந்து நின்றவண்ணம் உள்ளனர். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து மகனின் பெயரைப் படியெடுத்துச் செல்கின்றனர். கடிதங்களையும் மலர்களையும் வைத்துப் போகின்றனர். நடுகல்லுக்குப் படையலிட்ட நம் முன்னோரை இக்காட்சி நமக்கு நினைவூட்டவில்லையா? அதே வேளையில் மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. அப்போரில் மாண்ட வியட்நாமியர் பன்மடங்கினர். அவர்தம் பெயர் அச்சுவரில் இல்லை. எந்த நினைவுச் சின்னமும் இழப்பு முழுவதையும் சொல்லிவிடுவதில்லை.

இம்மூன்று விடைகளுள் எது சிறந்தது? ஒன்றை உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்த நான் விரும்பவில்லை. குண்டின் கொடுமைக்குச் சான்று தேவைப்பட்ட இடத்தில் இடிபாடு சான்றாக நின்றது. அழிக்க நினைத்தவன் வென்றுவிடக் கூடாது என்ற உறுதி தேவைப்பட்ட இடத்தில் மறுகட்டுமானம் எழுந்தது. போரின் நியாயத்தைப் பற்றி நாடே பிளவுபட்டிருந்த இடத்தில், எல்லோரும் ஒப்பக்கூடிய ஒன்றாகப் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டன. ஆனால், மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்று இடங்களிலும் மாணவர் இருக்கின்றனர். ஒருத்தியின் நாட்குறிப்பு, பலர் அளந்து வரைந்த படங்கள், மற்றொருத்தியின் வகுப்புப் பாடம். பேச்சின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதில் விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நினைவுச் சின்னம் மாண்டவருக்காக எழுப்பப்படுவதாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது பின்வருவோர்க்காக எழுப்பப்படுகிறது, பின்வருவோராலேயே நிலைக்கிறது. அவர்கள் கைவிட்டால் கல்லும் கைவிடும்.

இதை நமக்கு அருகிலேயே காணலாம். இராமேசுவரத் தீவின் முனையில் தனுஷ்கோடி என்ற துறைமுக ஊர் இருந்தது. சென்னையிலிருந்து வந்த இரயில் பயணிகள் அங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குச் சென்றனர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் புகுந்து அவ்வூரை அழித்தது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த இரயிலும் பயணிகளோடு அலைவாய்ப்பட்டது. இன்று அங்கே ஒரு மாதா கோயிலின் சுவர்களும், இரயில் நிலையத்தின் எச்சமும், வேறு சில சுவர்களும் மணலில் நிற்கின்றன. உப்புக் காற்று அவற்றை நாள்தோறும் அரிக்கிறது. 2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின் ஏராளமானோர் அங்கு செல்கின்றனர். சுவர்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அச்சுவர்களின் நீளம் என்ன, உயரம் என்ன, அவற்றுக்குள் வாழ்ந்தவர் யார் என்று கேட்பவர் எத்தனை பேர்?

மாணவ நண்பர்களே, பெரிய சின்னங்களை எழுப்பும் பொருள் உங்களிடம் இல்லை. ஆனால், வார்சா மாணவரிடம் இருந்தவை அளவு நாடாவும் தாளும் பென்சிலுமே. உங்கள் ஊரிலும் இடியப்போகும் ஒரு பழைய சத்திரம் இருக்கும். தூர்ந்துபோகும் குளப் படித்துறை இருக்கும். பெயர் மறைந்துவரும் நடுகல் ஒன்று வயலோரத்தில் சாய்ந்து கிடக்கும். விடுமுறை நாளொன்றில் நால்வராகச் சேர்ந்து செல்லுங்கள். அதை அளந்து வரையுங்கள். அதைப் பற்றி அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதில் ஒரு படியை உங்கள் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அக்கட்டடம் நிற்குமோ விழுமோ, நாம் அறியோம். விழுந்தால், அது எவ்வாறு இருந்தது என்று ஒருநாள் கேட்பவருக்குக் காட்ட உங்கள் தாள் இருக்கும்.